சவலைப் பிள்ளை: சிறு குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைபாடு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"பிள்ளை தேறவே மாட்டேன் என்கிறது" என்று ஒரு தாய் சொல்லும்போது அந்த ஒரு வரிக்குள் பத்துக் கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைப் பற்றி, அதிலும் முதல் இரண்டு வயதைப் பற்றி, பெற்றோரும் பாட்டி தாத்தாக்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

குழந்தை வயிறு நிறையத்தான் சாப்பிடுகிறது. பிறகு எப்படிச் சத்துக் குறையும்?

குறையும். பல வீடுகளில் குறைபாடு ஓசையில்லாமல் நுழைவது இந்த வழியாகத்தான்.

குழந்தையின் வயிறு மிகச் சிறியது. ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 30 மில்லி என்று கணக்கு. எட்டுக் கிலோ எடையுள்ள குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குச் சுமார் 240 மில்லிதான் கொள்ளும். அதை நீர்த்த கஞ்சியால் நிரப்பினால் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வயிறு நிறைந்தது உண்மை. உள்ளே போனதில் பெரும்பகுதி தண்ணீர் என்பதும் உண்மை.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். குழந்தைக்கு வைத்திருக்கும் உணவை ஒரு கரண்டியில் அள்ளிச் சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள். நூல்போல வழிந்து ஓடினால் அது பானம். கரண்டியில் ஒட்டி நின்று, மெதுவாகச் சரிந்து பொத்தென்று விழுந்தால் அது உணவு. அந்தப் பதத்துக்குக் கொண்டுவந்து, மேலே ஒரு சிறு கரண்டி எண்ணெயோ வெண்ணெயோ விட்டுப் பிசையுங்கள். கொழுப்பில் கிராமுக்கு 9 கிலோகலோரி இருக்கிறது. மாவுச்சத்திலும் புரதத்திலும் 4 தான். இடம் குறைவாக உள்ள வயிற்றுக்கு இது பெரிய உதவி. வளர்ந்தவர்களுக்குச் சொல்லப்படும் "எண்ணெயைக் குறையுங்கள்" என்ற அறிவுரையை ஒரு வயதுக் குழந்தையின் தட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

ஊட்டச்சத்துக் குறைபாடு என்றால் ஒல்லியாக இருப்பதுதானே?

அது ஒரு முகம் மட்டும். உயரத்துக்கு ஏற்ற எடை இல்லாமல் போவது உடல் மெலிவு. சில வாரப் பட்டினியிலோ நோயிலோ அது வந்துவிடும். உயிருக்கு உடனடி ஆபத்து இதில்தான் அதிகம். வயதுக்கு ஏற்ற உயரம் இல்லாமல் போவது வளர்ச்சி குன்றுதல். மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் சத்தும் ஆரோக்கியமும் குறைந்ததன் தழும்பு அது. எடையும் உயரமும் சரியாக இருந்தும் இரும்பு, அயோடின், துத்தநாகம், வைட்டமின் ஏ போன்ற நுண்சத்துகள் மட்டும் குறைவது இன்னொரு வகை. கொழுகொழுவென்று இருக்கும் குழந்தைக்கும் ரத்தசோகை இருக்கலாம். அளவுக்கு மீறிய எடையும் ஊட்டச்சத்துக் கோளாறுதான்.

உலக அளவில் 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் சுமார் 14.8 கோடிக் குழந்தைகள் வளர்ச்சி குன்றியவர்கள், 4.5 கோடிக் குழந்தைகள் மெலிந்தவர்கள், 3.7 கோடிக் குழந்தைகள் அதிக எடை கொண்டவர்கள். இந்த வயதில் நிகழும் இறப்புகளில் ஏறக்குறைய பாதிக்கு ஊட்டக்குறைவோடு தொடர்பு உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம். இறப்புச் சான்றிதழில் நிமோனியா என்றோ வயிற்றுப்போக்கு என்றோதான் எழுதியிருக்கும். நல்ல உடம்போடு இருந்த குழந்தை அதே நோயிலிருந்து எழுந்து விளையாடப் போயிருக்கும்.

பார்த்தாலே தெரிந்துவிடாதா? ஏன் அளக்க வேண்டும்?

தினமும் பார்க்கும் கண் பழகிப்போகிறது. சுற்றிலும் எல்லாக் குழந்தைகளும் குட்டையாக இருக்கும் இடத்தில் குட்டையான குழந்தை இயல்பாகத்தான் தெரியும். அதனால்தான் அளவை.

எளிய அளவை ஒன்று உண்டு. குழந்தையின் இடது கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, தோள் நுனிக்கும் முழங்கை நுனிக்கும் நடுவே ஒரு புள்ளி வைத்து, அந்த இடத்தில் நாடாவைச் சுற்றுவார்கள். இறுக்கவும் கூடாது, தளரவும் கூடாது. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள், சுற்றளவு 12.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் குறைபாடு; 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் கடுமையான குறைபாடு. 11.5 என்றால் எவ்வளவு என்று மனதில் பதிய வேண்டுமா? உங்கள் கட்டைவிரலையும் நடுவிரலையும் வளைத்து நுனிகளைச் சேர்த்துப் பாருங்கள். அந்த வளையத்துக்குள் அந்தக் கை இடம் மீதியாக அடங்கிவிடும். இந்த வயதில் நலமான குழந்தையின் கைச் சுற்றளவு அதிகம் மாறுவதில்லை. ஒரே நாடா எல்லாருக்கும் பயன்படுவது அதனால்தான்.

மாதந்தோறும் எடை பார்த்து வளர்ச்சி அட்டையில் குறிப்பது இதைவிட முக்கியம். ஒரு புள்ளியை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம், மகிழவும் வேண்டாம். கோடு எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். மேலே ஏற வேண்டிய கோடு இரண்டு மாதமாகப் படுத்துக் கிடந்தால், குழந்தை இன்னும் அட்டையில் இயல்பான வளர்ச்சியைக் காட்டும் பச்சைப் பகுதிக்குள் இருந்தாலும், காரணம் தேட வேண்டிய நேரம் அது.

எங்கள் குடும்பத்தில் எல்லாருமே குட்டை. இது பரம்பரைதானே?

வளர்ந்த பிறகு அடையும் உயரத்தில் மரபுக்குப் பங்கு உண்டு. முதல் ஐந்து ஆண்டுகளில் அந்தப் பங்கு நாம் நினைப்பதைவிடக் குறைவு. 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், தாய்ப்பால் குடித்து நல்ல சூழலில் வளர்ந்த குழந்தைகளை அளந்து பார்த்தார்கள். ஆறு நாட்டுக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி வளர்ந்தார்கள். அந்த அளவுகளைக் கொண்டுதான் 2006இல் உலக சுகாதார நிறுவனம் இன்றைய வளர்ச்சித் தரங்களை வெளியிட்டது. "நம் வம்சமே இப்படித்தான்" என்று விட்டுவிடும்போது, பாட்டிக்கும் அம்மாவுக்கும் கிடைக்காமல் போன சத்து பேத்திக்கும் கிடைக்காமல் போகக்கூடும்.

முதல் ஆயிரம் நாள் என்று எல்லாரும் சொல்கிறார்களே, அது என்ன?

கர்ப்பம் 270 நாள், இரண்டு ஆண்டுகள் 730 நாள்; கூட்டினால் ஆயிரம். பிறக்கும்போது குழந்தையின் மூளை பெரியவர்களின் மூளையில் கால் பங்கு எடைதான். இரண்டு வயதுக்குள் முக்கால் பங்கைத் தொட்டுவிடும். வாழ்நாளில் வேறெந்தக் காலத்திலும் இந்த வேகம் கிடையாது. கணக்கு கர்ப்பத்திலிருந்து தொடங்குவதையும் கவனியுங்கள். மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய் கருவுற்ற நான்கு வாரத்துக்குள் மூடிவிடுகிறது. கர்ப்பம் என்று பல பெண்களுக்கு உறுதியாகத் தெரிவதற்கே அவ்வளவு நாள் ஆகும். கருத்தரிக்கத் திட்டமிடும் நாளிலிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுக்கச் சொல்வது இதனால்தான்.

முதல் ஆறு மாதத்துக்குத் தாய்ப்பால் மட்டும் போதுமா? வெயில் காலத்தில் தண்ணீராவது?

போதும். தண்ணீரும் வேண்டாம். தாய்ப்பாலில் 87 விழுக்காடு தண்ணீர்தான். தண்ணீர் கொடுத்தால் வயிற்றில் பாலுக்கு இருக்கும் இடம் போகும், கிருமியும் சேரும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்கத் தொடங்க வேண்டும். மஞ்சள் நிறத்தில் கெட்டியாக வரும் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிடாதீர்கள். நோய் எதிர்ப்புப் பொருள்கள் நிறைந்த முதல் பாதுகாப்பு அது. பால் ஊறவில்லை என்று பல தாய்மார் தவிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வது எந்த மார்பிலும் பாலைச் சுரக்க வைக்காது. அடிக்கடி சப்பவிடுவது, குழந்தை மார்பைச் சரியாகப் பற்றியிருக்கிறதா என்று அனுபவமுள்ள ஒருவர் உட்கார்ந்து பார்ப்பது, தாய்க்கு ஓய்வு, தாய்க்கு வயிறார உணவு ஆகியவைதான் உதவும். சில தாய்மாரால் உண்மையிலேயே கொடுக்க முடியாமல் போகலாம். அப்போது மருத்துவர் சொல்லும் மாற்று வழியைக் குற்ற உணர்ச்சியில்லாமல் பின்பற்றுங்கள்.

ஆறு மாதம் முடிந்ததும் என்ன, எத்தனை வேளை?

தாய்ப்பாலை நிறுத்தாமல், கூடவே இணை உணவு. இரண்டு வயது வரையிலும் அதற்குப் பிறகும் தாய்ப்பால் தொடரலாம். ஆறு முதல் எட்டு மாதம் வரை ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை மசித்த உணவு போதும். ஒன்பது மாதத்திலிருந்து மூன்று நான்கு வேளை, நடுவே ஒன்றிரண்டு முறை சிறு தீனி. எட்டு மாத வாக்கில் விரலால் எடுத்துத் தின்னக்கூடிய மென்மையான துண்டுகளைக் கையில் கொடுங்கள். ஒரு வயதில் வீட்டில் எல்லாரும் சாப்பிடுவதையே, காரமும் உப்பும் குறைத்துச் சாப்பிடலாம்.

தட்டில் நிறங்களையும் வகைகளையும் எண்ணுங்கள். தாய்ப்பால், தானியமும் கிழங்கும், பருப்பும் கொட்டைகளும், பாலும் தயிரும், இறைச்சியும் மீனும், முட்டை, ஆரஞ்சு நிறக் காய்கனிகளும் கீரைகளும், மற்ற காய்கனிகள் என எட்டு வகை. ஒரு நாளில் இவற்றில் குறைந்தது ஐந்து குழந்தையின் வாய்க்குள் போக வேண்டும். தானியம் மட்டும் எத்தனை வேளை கொடுத்தாலும் அது ஒன்றுதான். கொட்டைகளை எப்போதும் அரைத்தே கொடுங்கள், முழுதாகக் கொடுத்தால் தொண்டையில் சிக்கும். ஒரு வயதுக்கு முன் தேன் கூடாது. அதிலிருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும்.

எந்தச் சத்துகளில் அதிகக் கவனம் தேவை?

எனக்கு முதலில் வாயில் வருவது இரும்புதான். நிறைமாதத்தில் பிறந்த குழந்தை தாயிடமிருந்து கொண்டுவரும் இரும்பு இருப்பு ஏறத்தாழ ஆறு மாதத்தில் கரைந்துவிடும். தாய்ப்பாலில் இரும்பு குறைவு. அதன் பிறகு தேவை எவ்வளவு தெரியுமா? அமெரிக்கப் பரிந்துரையின்படி ஒன்பது மாதக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 11 மில்லிகிராம். அதன் அப்பாவுக்கு 8 மில்லிகிராம். அத்தனை சிறிய உடம்புக்கு அப்பாவைவிட அதிகம் வேண்டியிருக்கிறது! குறைந்தால் குழந்தை வெளிறும், சோர்ந்து கிடக்கும். கற்கும் திறன் பின்தங்கும். ஈரல், இறைச்சி, மீன் இவற்றிலுள்ள இரும்பு எளிதில் உடலில் சேரும். பருப்பிலும் கீரையிலும் உள்ளது அவ்வளவு எளிதில் சேராது. கூடவே புளிப்புப் பழம் எதையாவது கொடுத்தால் அதிலுள்ள வைட்டமின் சி அதைச் சேர்க்க உதவும். தேநீர் நேர்மாறாகத் தடுக்கும், ஆகவே சிறு குழந்தைகளுக்கு அது வேண்டவே வேண்டாம்.

வைட்டமின் ஏ பற்றி ஒரு வரலாறு சொல்ல வேண்டும். ஆல்ஃபிரட் சோமர் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் இந்தோனேசியாவில் குழந்தைகளின் பார்வைக் குறைபாட்டை ஆராய்ந்துகொண்டிருந்தார். மாலைக்கண் உள்ள குழந்தைகள் மற்றவர்களைவிட அதிகமாக இறந்துபோவதைக் கவனித்தார். 1986இல் வெளியான ஆச்சே பகுதி ஆய்வில், வைட்டமின் ஏ கொடுத்த கிராமங்களில் சிறு குழந்தைகளின் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. கண்ணுக்கான சத்து என்று நினைத்தது உயிருக்கான சத்தாக இருந்தது. பொழுது சாய்ந்ததும் குழந்தை பொருள்களில் முட்டிக்கொண்டாலோ, கீழே வைத்த பொம்மையைத் தடவித் தேடினாலோ, வெள்ளை விழியில் சோப்பு நுரை காய்ந்ததுபோல் ஒரு திட்டு தெரிந்தாலோ, மறுநாளே மருத்துவரிடம் காட்டுங்கள். விழிப்படலம் ஒருமுறை கரைந்துவிட்டால் பார்வை திரும்பாது.

அயோடின் மிகச் சிறிதளவுதான் தேவை, ஆனால் அது இல்லாமல் தைராய்டு இயங்காது, மூளை வளராது. அயோடின் கலந்த உப்பு அந்த வேலையைச் செய்துவிடும். வைட்டமின் டி குறைந்தால் எலும்பு மென்மையாகிக் கால் வளையும். பி12 தாவர உணவில் இல்லை. பால், முட்டை, மீன், இறைச்சி எதையும் தொடாத தாயின் குழந்தை மந்தமாகி, கற்ற அசைவுகளையே மறக்கக்கூடும். அப்படிப்பட்ட தாய்க்கு மாத்திரை கட்டாயம். துத்தநாகத்தைப் பற்றி வயிற்றுப்போக்கின் கீழே சொல்கிறேன்.

மெலிந்திருந்த குழந்தைக்கு இப்போது முகமும் காலும் உப்பியிருக்கின்றன. தேறிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாமா?

தயவுசெய்து வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு பாதங்களின் மேலும் உங்கள் கட்டைவிரல்களை வைத்து மூன்று நொடி அழுத்திவிட்டு எடுங்கள். மாவில் விரல் பதிந்ததுபோல் குழி நின்றால் அது சதை அல்ல, நீர். கைச் சுற்றளவு எவ்வளவு இருந்தாலும் சரி, இது கடுமையான குறைபாடு. முடி செம்பட்டையாகி உதிரும், தோல் உரியும், குழந்தை எதிலும் ஆர்வமில்லாமல் சிணுங்கிக்கொண்டே இருக்கும்.

இந்த நோயை 1930களில் அன்றைய கோல்ட் கோஸ்ட்டில், அதாவது இன்றைய கானாவில், மருத்துவ உலகுக்கு விளக்கி எழுதியவர் ஜமைக்காவில் பிறந்த மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ். அங்குள்ள கா மொழி பேசும் மக்கள் அதைக் "குவாஷியோர்க்கர்" என்றார்கள். அடுத்த குழந்தை பிறக்கும்போது, மார்பிலிருந்து இறக்கிவிடப்பட்ட மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்று பொருள். அவர் அந்தச் சொல்லையே நோயின் பெயராக வைத்தார். இதை முதன்முதலில் படித்தபோது நான் சற்று நேரம் அசையாமல் இருந்துவிட்டேன். நம் மொழியில் "சவலை" என்று அதே குழந்தைக்குத்தானே பெயர் வைத்திருக்கிறோம்? கடலுக்கு இருபுறமும் தாய்மார் ஒரே காட்சியைப் பார்த்து ஒரே பொருளில் சொல் சமைத்திருக்கிறார்கள். புரதக் குறைவு ஒன்றே காரணம் என்று நெடுங்காலம் நினைத்தார்கள். அது மட்டுமல்ல என்பது பிறகு தெரியவந்தது. தம்பியோ தங்கையோ பிறந்த வீட்டில் மூத்ததின் தட்டைக் கூடுதலாகக் கவனியுங்கள்.

வயிற்றுப்போக்கு வந்தால் உணவை நிறுத்த வேண்டுமா?

நிறுத்தவே கூடாது. பட்டினி போட்டால் குடல் குணமாகாமல் இன்னும் நலியும். தாய்ப்பாலை அதிகமாகக் கொடுங்கள், வழக்கமான உணவைச் சிறிது சிறிதாக அடிக்கடி கொடுங்கள், இழந்த நீருக்கு ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுங்கள். அதோடு துத்தநாகம்: ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம், அதற்கு மேல் 20 மில்லிகிராம், 10 முதல் 14 நாள் வரை. போக்கு நின்ற பிறகும் நாள் கணக்கை முடியுங்கள். நோய் விட்ட பிறகு இரண்டு வாரம் தினமும் ஒரு வேளை கூடுதலாகக் கொடுத்தால் இழந்த எடை திரும்பும். நோயில் இளைப்பது, இளைத்ததால் மீண்டும் நோய் வருவது என்ற சுழலை இங்கேதான் அறுக்க முடியும்.

வாயைத் திறக்கவே மாட்டேன் என்கிறது. மூக்கைப் பிடித்து ஊட்டலாமா?

வேண்டாம். புதிய சுவையைக் குழந்தை எட்டு பத்து முறை துப்பிவிட்டுப் பிறகு ஏற்றுக்கொள்வது இயல்பு. எதிரே உட்காருங்கள், முகம் பார்த்துப் பேசுங்கள், உணவில் கையைவிட்டுக் குழப்ப அனுமதியுங்கள். திடீரென்று பசியே இல்லாமல் போனால் வாய்ப்புண், காய்ச்சல், ரத்தசோகை ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

டப்பாவில் வரும் சத்துமாவு பானங்கள்?

பெரும்பாலானவற்றில் சர்க்கரைதான் முன்னால் நிற்கிறது. ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் பருப்போ அந்தப் பணத்துக்கு அதிகம் செய்யும்.

மிகவும் மெலிந்த குழந்தைக்கு வீட்டிலேயே நிறைய ஊட்டித் தேற்றிவிடலாமா?

இதில்தான் அன்பே ஆபத்தாகிறது. நீண்ட பட்டினியில் இதயம், ஈரல், சிறுநீரகம் எல்லாம் வேகத்தைக் குறைத்து ஒடுங்கியிருக்கும். திடீரென்று நிறைய உணவு போனால் ரத்தத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் சரிந்து இதயம் நின்றுபோகலாம். மருத்துவமனையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறு அளவில் இதற்கென்றே தயாரித்த சிறப்புப் பால் கொடுத்துத் தொடங்குவது அதனால்தான். இரும்பு மருந்தைக்கூட முதல் நாள்களில் தர மாட்டார்கள்.

பசி எடுக்கிற, வேறு சிக்கல் இல்லாத குழந்தைக்கு வீட்டிலேயே சிகிச்சை நடக்கலாம், ஆனால் சுகாதாரப் பணியாளரின் கண்காணிப்பில். 1990களில் பிரெஞ்சு மருத்துவர் ஆந்த்ரே பிரியாண்ட் உள்ளிட்டோர் உருவாக்கிய சிகிச்சைக் களிம்புணவு அதற்கு வழி திறந்தது. நிலக்கடலை, பால் பொடி, எண்ணெய், சர்க்கரை, நுண்சத்துகள் சேர்ந்த 92 கிராம் பொட்டலத்தில் 500 கிலோகலோரி இருக்கிறது. தண்ணீர் கலக்க வேண்டியதில்லை. ஆகவே கிருமி எளிதில் வளராது. குழந்தை பொட்டலத்தைப் பிதுக்கித் தானே சப்பிச் சாப்பிடும்.

இரண்டு வயது கடந்துவிட்டது. இனி ஒன்றும் செய்ய முடியாதா?

முடியும். மெலிவு முழுமையாகச் சரியாகும். ரத்தசோகை சில மாதங்களில் மாறும். இழந்த உயரம் அனைத்தும் திரும்புவது கடினம் என்பதை மறைக்க மாட்டேன், ஆனால் குழந்தையின் நலம் உயரத்தில் மட்டும் இல்லை. பேச்சும் விளையாட்டும் மடியில் வைத்துக் கொஞ்சுவதும் மூளையை வளர்க்கின்றன. சத்துணவோடு இவற்றையும் சேர்த்துப் பெற்ற குழந்தைகள் கற்பதில் முன்னேறியதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

எந்த அறிகுறி தெரிந்தால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது?

பாதங்களில் குழி விழும் வீக்கம், 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்த கை, பால் குடிக்கவே முடியாமை, எல்லாவற்றையும் வாந்தி எடுப்பது, வலிப்பு, எழுப்பினாலும் எழாத தூக்கம், தொட்டால் குளிர்ந்திருக்கும் உடல். வழியில் குழந்தையை உங்கள் மார்போடு தோல் படும்படி அணைத்துத் தலையையும் சேர்த்துப் போர்த்திக்கொள்ளுங்கள். விழித்திருந்து விழுங்க முடிந்தால் தாய்ப்பாலோ, அரை டம்ளருக்கும் குறைவான தண்ணீரில், அதாவது 50 மில்லியில், ஒரு சிறு கரண்டி சர்க்கரை கரைத்தோ சிறுகச் சிறுகக் கொடுங்கள். மயங்கிய குழந்தையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.